சாவி யாரிடம் இருக்கிறது? அலுவலகத்துக்கு உள்ளே இருந்து வரும் தகவல் ஆபத்துகள்

2007 அக்டோபரில் பிரிட்டனின் வரி, சுங்கத் துறை அலுவலகம் ஒன்றிலிருந்து இரண்டு சி.டி.க்கள் கிளம்பின. லண்டனில் இருக்கும் தேசியத் தணிக்கை அலுவலகத்துக்குப் போக வேண்டியவை. போய்ச் சேரவில்லை. பதிவுத் தபால்கூட இல்லை, அலுவலகங்களுக்கு இடையே ஓடும் சாதாரணக் கூரியரில் போட்டுவிட்டிருந்தார்கள். அந்த இரண்டு சி.டி.யில் இருந்தது ஏறக்குறைய 2.5 கோடிப் பேரின் பெயர், முகவரி, பிறந்த தேதி, வங்கிக் கணக்கு விவரம். குழந்தை உதவித்தொகை வாங்கும் குடும்பங்கள் அத்தனையும் அதற்குள் அடக்கம். பாஸ்வேர்டு போட்டிருந்தார்கள், ஆனால் யாரும் படிக்க முடியாதபடி சங்கேதமாக மாற்றவில்லை, அதாவது என்கிரிப்ட் செய்யவில்லை. துறைத் தலைவர் பதவி விலகினார், நிதியமைச்சர் நாடாளுமன்றத்தில் எழுந்து நின்று நடந்ததைச் சொல்ல வேண்டியதாயிற்று.

இதில் எனக்கு மறக்காமல் நிற்பது வேறு ஒரு விஷயம். தணிக்கை அலுவலகம் வங்கி விவரங்களைக் கேட்கவே இல்லை, அவற்றை எடுத்துவிட்டுத் தாருங்கள் என்றுதான் முன்பே சொல்லியிருந்தது. அதைத் தனியாகப் பிரித்துக் கொடுக்கக் கூடுதல் செலவாகும் என்பதால் முழுசாகவே அனுப்பினார்கள். விஷயம் வெளியே வந்ததும் முதலில் கைகாட்டப்பட்டவர் ஓர் இளநிலை ஊழியர், விதிமுறையை மீறிவிட்டார் என்று. சரி, மீறினார் என்றே வைத்துக்கொள்வோம். ஒரு இளநிலை ஊழியரால் நாட்டின் கால்வாசிக்கும் மேற்பட்ட மக்களின் விவரத்தை சி.டி.யில் எழுதி உறையில் போட எப்படி முடிந்தது?

உள்ளிருப்பவர்களால் வரும் ஆபத்தைப் பற்றி யோசிக்கும்போது பெரும்பாலும் நாம் ‘அவர் ஏன் அப்படிச் செய்தார்’ என்பதிலேயே நின்றுவிடுகிறோம். ‘அவரால் எப்படிச் செய்ய முடிந்தது’ என்பதுதான் நிர்வாகத்தின் கையில் இருக்கும் கேள்வி, அதை யாரும் அவ்வளவு ஆசையாகக் கேட்பதில்லை, ஏனென்றால் அதற்கான பதிலில் கேட்பவருடைய கையெழுத்தே இருக்கும்.

இந்தத் தலைப்பில் பேச ஆரம்பித்தாலே ‘வேலியே பயிரை மேய்ந்தால்’ என்று தொடங்குவது நம் வழக்கம். அந்தப் பழமொழி இங்கே கொஞ்சம் தப்பான படத்தைக் கொடுத்துவிடுகிறது என்று நினைக்கிறேன். பெரும்பாலும் வேலி மேய்வதில்லை, யாரோ அவசரத்தில் படலைத் திறந்துவிட்டுச் சாத்தாமல் போயிருக்கிறார். போனமான் ஆய்வு நிறுவனம் 2022இல் வெளியிட்ட அறிக்கையில், உள்ளிருந்து வந்த சம்பவங்களில் 56 சதவீதம் அஜாக்கிரதையால் வந்தவை, 26 சதவீதம் வேண்டுமென்றே செய்தவை, மீதி 18 சதவீதம் ஊழியரின் லாகின் விவரத்தை வெளியாள் திருடிப் பயன்படுத்தியவை. இதுபோன்ற ஆய்வு எண்களை நான் பத்து சதவீதம் முன்னே பின்னே என்றுதான் எடுத்துக்கொள்வேன், ஆனாலும் எது முதலில், எது பின்னால் என்ற வரிசை நம்பும்படியாகத்தான் இருக்கிறது. எனவே அஜாக்கிரதையிலிருந்தே தொடங்கலாம்.

கவனமாக இருங்கள் என்றால் போதுமா

2023 ஆகஸ்டில் வட அயர்லாந்துக் காவல் துறையிடம், எந்தப் பதவியில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் ஒருவர் கேட்டார். சாதாரணக் கேள்வி. பதிலாக ஒரு எக்செல் ஃபைல் இணையத்தில் ஏற்றப்பட்டது. அதில் மேலே தெரிந்த தாளில் எண்ணிக்கை மட்டும்தான். ஆனால் அந்த எண்ணிக்கையை எதிலிருந்து கூட்டி எடுத்தார்களோ அந்த மூலத்தாளும் ஃபைலுக்குள்ளேயே ஒளிந்திருந்தது. 9,483 அதிகாரிகள், ஊழியர்களின் பெயர், பதவி, பணியிடம் எல்லாம் அதில். சில மணி நேரத்தில் நீக்கிவிட்டார்கள் என்றாலும், ஆயுதக் குழுக்களுக்குப் பயந்து, காவல் துறையில் வேலை பார்ப்பதைச் சொந்தக்காரர்களிடம்கூட மறைத்து வைப்பவர்கள் இருக்கும் ஊர் அது. பின்னால் 7.5 லட்சம் பவுண்டு அபராதம்.

இதற்கு ஒன்றரை வருஷம் முன்பு, 2022 பிப்ரவரியில், பிரிட்டன் பாதுகாப்பு அமைச்சகத்தில் ஏறக்குறைய இதே கதை நடந்திருந்தது. தாலிபான்களிடமிருந்து தப்பிக்க விண்ணப்பித்த ஆப்கானியர்களின் பட்டியலில் சுமார் 150 வரிகளை மட்டும் அனுப்புவதாக நினைத்த ஒருவர், பதினெட்டாயிரத்துக்கும் அதிகமான விண்ணப்பதாரர்களின் விவரத்தை மெயிலில் அனுப்பிவிட்டார். நீதிமன்றத் தடை விலகி 2025 ஜூலையில்தான் அது உலகத்துக்கே தெரிந்தது.

இந்த இரண்டு சம்பவத்துக்கும் ‘எல்லோரும் கவனமாக இருங்கள்’ என்று ஒரு சுற்றறிக்கை அனுப்புவது பதிலே இல்லை. மனிதர்கள் கவனமாகத்தான் இருக்கிறார்கள், காலை பதினொரு மணிக்கு. மாலை ஆறரைக்கு, கிளம்பும் அவசரத்தில், மேலாளர் இரண்டாம் முறை போன் செய்த பிறகு யாருக்கும் கவனம் இருக்காது. வெளியே போகும் பட்டியல் எதுவானாலும் எக்செல்லாக அல்ல, வெறும் எழுத்தும் எண்ணும் மட்டும் இருக்கும் சி.எஸ்.வி. ஃபைலாகத்தான் போக வேண்டும் என்று வைத்துவிட்டால் ஒளிந்த தாள் என்ற பிரச்சினையே எழாது, ஏனென்றால் அந்த வடிவத்தில் ஒரே ஒரு தாள்தான் சேமிக்க முடியும். ஒளித்து வைத்த வரிகள் அதிலும் வந்துவிடும்தான், ஆனால் திறந்ததும் கண்ணுக்குத் தெரியும். அலுப்பூட்டும், சின்ன மாற்றம். ஆனால் மனிதர்களின் கவனத்தை நம்பாத மாற்றம்.

பயிற்சி வகுப்புகளைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். போலி மெயிலை அனுப்பிப் பார்த்து, சொடுக்கியவர்களைப் பிடித்துப் பாடம் நடத்தும் முறை எல்லா இடத்திலும் வந்துவிட்டது. சூரிச்சின் இ.டி.எச். பல்கலைக்கழகம் ஒரு நிறுவனத்தின் 14,000 பேரை 15 மாதம் கவனித்ததில், சொடுக்கிய கையோடு காட்டப்படும் பாடம் பலன் தராதது மட்டுமல்ல, எதிர்மாறாகவும் வேலை செய்யலாம் என்று தெரிந்தது. சான் டியேகோவில் ஒரு மருத்துவமனைக் குழுமத்தின் 19,500 ஊழியர்களை எட்டு மாதம் பார்த்த இன்னொரு ஆய்வில், பயிற்சி பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் வித்தியாசம் 1.7 சதவீதம்தான். 2020 டிசம்பரில் இணையதளப் பெயர்களை விற்கும் கோடாடி நிறுவனம், ஊரடங்கு காலத்தில், 650 டாலர் போனஸ் கிடைக்கும் என்று தன் ஊழியர்களுக்கே போலி மெயில் அனுப்பிச் சோதித்து, கடைசியில் மன்னிப்புக் கேட்க வேண்டி வந்தது. அந்த மெயிலைச் சொடுக்கிய ஒருவருக்கு அடுத்த முறை நிஜமாகவே ஏதாவது தப்பு நடந்தால், பாதுகாப்புப் பிரிவுக்குப் போன் செய்யத் தோன்றுமா?

தோன்ற வேண்டும், அதுதான் முக்கியம். தப்பான லிங்க்கைச் சொடுக்கியவர் இரண்டு நிமிடத்தில் சொன்னால் பாஸ்வேர்டை மாற்றி, அந்த லாகினை எல்லா இடத்திலும் வெளியேற்றி, கணினியைத் தனியாகப் பிரித்து வைத்து முடித்துவிடலாம். திட்டு விழுமோ என்று சாயங்காலம் வரை வாயை மூடிக்கொண்டிருந்தால் அதற்குள் திருடன் மெயில்பெட்டியையே படித்து முடித்திருப்பான். முதலில் சொன்னவரைத் திட்டுகிற அலுவலகத்தில் இரண்டாவது ஆள் சொல்லமாட்டார்.

இப்போது புதிதாகச் சேர்ந்திருப்பது ஏ.ஐ. உரையாடிகள். 2023இல் சாம்சங் ஊழியர்கள் சிலர் நிரலின் பிழையைத் திருத்தவும், கூட்டக் குறிப்பைச் சுருக்கவும் சாட்ஜிபிடியில் உள் விஷயங்களை ஒட்டினார்கள். அடுத்து வந்தது தடை. அவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை, வேலையைச் சீக்கிரம் முடிக்கப் பார்த்தவர்கள். தடை மட்டும் போட்டால் ஆட்கள் சொந்தப் போனில் அதையே செய்வார்கள், அப்போது உங்களுக்கு அது தெரியக்கூட வராது. ஒப்பந்தம் போட்டு, இதைப் பயன்படுத்துங்கள், இதில் இன்னின்னதை மட்டும் ஒட்டாதீர்கள் என்று ஒரு நல்ல வழியைத் திறந்துவிட்டு மற்றதை அடைப்பதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும்.

வளர்ந்துகொண்டே போகும் சாவிக்கொத்து

நான் வேலை பார்த்த ஒரு இடத்தில், முதல் வருஷம் சம்பளப் பட்டியல் மென்பொருளில் ஒரு கோளாறைச் சரிசெய்ய எனக்கு அந்த ஃபோல்டரைப் படிக்கும் அனுமதி கொடுத்தார்கள். இரண்டு வார வேலை. பிறகு துறை மாறினேன், மேலாளர் மாறினார், கட்டடமே மாறியது. மூன்று வருஷம் கழித்து வேறு எதையோ தேடும்போது அந்த ஃபோல்டர் திறந்தது. என் மேலாளர் உட்பட எல்லோருடைய சம்பளமும் அதில். பார்க்கவில்லை என்று சொன்னால் நம்புவீர்களோ மாட்டீர்களோ, மூடிவிட்டு ஐ.டி. பிரிவுக்கு எழுதினேன். பதில் வர ஒன்பது நாள் ஆனது.

இது எங்கும் நடப்பது. புது வேலை வந்தால் புதுச் சாவி கொடுக்கிறார்கள், பழைய வேலை போனால் பழைய சாவியை யாரும் வாங்குவதில்லை. கொடுக்காவிட்டால் ஒருவர் உடனே வந்து கத்துவார், எடுக்காவிட்டால் கத்த ஆளில்லை. பத்து வருஷம் ஒரே நிறுவனத்தில் நான்கு துறைகளில் இருந்தவரிடம், பல நேரம் தலைமை அதிகாரியைவிட அதிகச் சாவிகள் இருக்கும். அவர் தங்கமான மனிதராகவே இருக்கட்டும், அவருடைய பாஸ்வேர்டு ஒருநாள் திருடு போனால் அத்தனை கதவும் திறக்கும்.

2020 ஜூலையில் ட்விட்டருக்கு நடந்தது அதுதான். வீட்டிலிருந்து வேலை பார்த்துக்கொண்டிருந்த ஊழியர்களுக்குப் போன் வந்தது: ஐ.டி. உதவிப் பிரிவிலிருந்து பேசுகிறோம், வி.பி.என். பிரச்சினை இருக்கிறதாமே. வீட்டிலிருந்து அலுவலக நெட்வொர்க்குக்குள் நுழைய உதவும் இந்த வி.பி.என்.னில் அந்தச் சமயத்தில் எல்லோருக்கும் பிரச்சினை இருந்தது. சிலர் போலிப் பக்கத்தில் பாஸ்வேர்டைக் கொடுத்தார்கள். அப்படியே நூல் பிடித்து உள்ளே போனவர்கள் கணக்குகளைக் கையாளும் உள் கருவியை எட்டி, 130 கணக்குகளைக் குறிவைத்து, ஒபாமா, பைடன், பில் கேட்ஸ் உள்ளிட்ட 45 கணக்குகளிலிருந்து பிட்காயின் மோசடிப் பதிவு போட்டார்கள். சூத்திரதாரியாகப் பிடிபட்டது 17 வயதுப் பையன். அந்த உள் கருவியைத் திறக்கும் அனுமதி அந்த ஆண்டின் தொடக்கத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் இருந்ததாக ராய்ட்டர்ஸ் எழுதியது. ஆயிரம் பேரில் ஒருவர் ஏமாந்தால் போதும் என்கிறபோது, ஏமாந்தவரைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது.

சாவியின் எண்ணிக்கை ஒரு பக்கம். ஒரே கையில் எந்தெந்தச் சாவி சேர்ந்திருக்கிறது என்பது இன்னொரு பக்கம். 1995இல் பிரிட்டனின் பேரிங்ஸ் வங்கி மூழ்கிய கதை கணினிப் பாதுகாப்புக்கு முந்தையது போலத் தோன்றும், ஆனால் இந்தப் பாடத்துக்கு அதைவிட நல்ல உதாரணம் கிடையாது. சிங்கப்பூரில் நிக் லீசன் வர்த்தகமும் செய்தார், அந்த வர்த்தகத்தின் கணக்கைச் சரிபார்த்து முடிக்கும் பிரிவும் அவர் கையிலேயே இருந்தது. 88888 என்ற ஒரு கணக்கில் நஷ்டத்தைப் போட்டு ஒளித்துக்கொண்டே வந்தார். 1994இலேயே உள் தணிக்கை, இரண்டையும் ஒருவரிடம் வைக்காதீர்கள் என்று எழுதிக் கொடுத்திருந்தது. 82.7 கோடி பவுண்டு நஷ்டம், 1762இல் தொடங்கிய வங்கி 1 பவுண்டுக்கு விற்கப்பட்டது.

2008இல் பிரெஞ்சு வங்கி சொசியெத்தே ஜெனராலில் 490 கோடி யூரோ இழப்பு வந்தபோது, வர்த்தகர் ஜெரோம் கெர்வியல் அதற்கு முன் கட்டுப்பாடுகளைக் கையாளும் பிரிவில் வேலை பார்த்தவர் என்பதால் எங்கே எப்போது சரிபார்ப்பார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. விசாரணையில் அவரே சொன்ன விஷயம் ஒன்று உண்டு: நான் விடுப்பே எடுக்காமல் இருந்தது மேலதிகாரிகளை உஷார்படுத்தியிருக்க வேண்டும், விடுப்பு எடுக்காத வர்த்தகர் தன் கணக்கை வேறொருவர் கையில் விட விரும்பாதவர். பல வங்கிகளில் வருஷத்துக்கு ஒருமுறை தொடர்ந்து இரண்டு வாரம் கட்டாய விடுப்பு என்று வைத்திருப்பது ஊழியர் நலனுக்காக மட்டுமல்ல. அந்த இரண்டு வாரம் வேறொருவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் ஒளித்தது தானாக மேலே மிதக்கும். லீவே போடாத உழைப்பாளி என்று நாம் கைதட்டும் ஆளைப் பற்றி நான் கொஞ்சம் வேறு மாதிரி யோசிக்க ஆரம்பித்தது இதைப் படித்த பிறகுதான்.

கணினித் துறையில் இந்த நாற்காலி, மொத்த அமைப்பையும் நிர்வகிக்கும் அட்மின்களுடையது. 2013இல் எட்வர்டு ஸ்னோடன் அமெரிக்க உளவு அமைப்பான என்.எஸ்.ஏ.யின் ஆவணங்களை வெளியே கொண்டுவந்த பிறகு, அட்மின்களின் எண்ணிக்கையை 90 சதவீதம் குறைக்கப்போவதாக அதன் தலைவர் அறிவித்தார், முக்கியமான வேலைகளுக்கு இரண்டு பேர் சேர்ந்தே கைவைக்க வேண்டும் என்ற விதியும் வந்தது. 2008இல் சான் பிரான்சிஸ்கோ நகராட்சியின் நெட்வொர்க்கை நடத்திய பொறியாளர் ஒருவர் பாஸ்வேர்டுகளைத் தரமாட்டேன் என்று சொல்லிச் சிறைக்குப் போய், சில நாள் கழித்து நகரத்தின் மேயரிடம் மட்டும் கொடுத்தார். அவர் நெட்வொர்க்கை ஒரு நாளும் நிறுத்தவில்லை, அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் ஊர் மொத்தத்தின் சாவியும் ஒரே ஒரு ஆளிடம் இருந்தது.

கோபத்தோடு இருப்பவர்

இனி வேண்டுமென்றே செய்பவர்கள். படத்தில் வருவது போல முதல் நாளே திட்டம் போட்டுச் சேர்கிறவர்கள் இவர்களில் ரொம்பக் குறைவு. சேரும்போது சாதாரண ஆளாகத்தான் சேர்கிறார்கள், உள்ளே ஏதோ நடக்கிறது. பதவி உயர்வு கைநழுவுகிறது, ஒரு தண்டனை, ஒரு அவமானம்.

பிரிட்டனின் மாரிசன்ஸ் பல்பொருள் அங்காடிக் குழுமத்தில் உள் தணிக்கையாளராக இருந்தவர் ஒருவர், தன் சொந்தப் பொட்டலத்தை அலுவலகத் தபாலில் அனுப்பியதற்காக 2013இல் ஒழுங்கு நடவடிக்கைக்கு ஆளானார். அந்தப் பொட்டலத்தில் சட்டவிரோதமாக எதுவும் இல்லை என்று தெரிந்தும் ஒரு எச்சரிக்கை விழுந்தது. அந்தக் கோபம் உள்ளேயே இருந்தது. அதே ஆண்டு, வெளித் தணிக்கையாளர்களுக்குக் கொடுக்க வேண்டிய சம்பளத் தரவைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் பொறுப்பு அவரிடமே தரப்பட்டது. ஏறக்குறைய ஒரு லட்சம் ஊழியர்களின் வங்கி விவரம். கொடுத்தார், ஒரு பிரதியைத் தனக்கும் எடுத்துக்கொண்டார். பிறகு அதை இணையத்தில் ஏற்றி, நிறுவனத்தின் நிதி முடிவுகள் வெளியாகும் சமயம் பார்த்துப் பத்திரிகைகளுக்கும் அனுப்பினார். பழியைப் போடுவதற்கு ஒரு சக ஊழியரின் விவரத்தைப் பயன்படுத்திக்கொண்டார். எட்டு வருஷச் சிறை. ஊழியர்கள் நிறுவனத்தின் மேலேயே வழக்குப் போட்டு, அது உச்ச நீதிமன்றம் வரை போய், 2020 ஏப்ரலில்தான் இதற்கு நிறுவனம் பொறுப்பல்ல என்று தீர்ப்பானது. வருஷக்கணக்கில் வக்கீல் செலவு.

இங்கே தண்டனை கொடுத்தது தப்பு என்று சொல்ல வரவில்லை. ஒருவர்மேல் நடவடிக்கை எடுத்தது ஹெச்.ஆருக்குத் தெரியும், அவரிடம் எந்தத் தரவு போகிறது என்பது ஐ.டி.க்குத் தெரியும், இந்த இரண்டும் ஒரே மேசைக்கு வந்து சேர்வதில்லை என்பதுதான் பிரச்சினை.

அமெரிக்காவில் ஒரு மின்சாதன நிறுவனத்தில் பத்து வருஷத்துக்கு மேல் வேலை பார்த்த நிரலாளர், 2018இல் நடந்த சீரமைப்பில் பொறுப்புகள் குறைக்கப்பட்ட பிறகு, சர்வரில் ஒரு சின்ன நிரலை வைத்தார். நிறுவனத்தின் பயனர் பட்டியலில் தன் பெயர் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். அதற்கு அவர் வைத்த பெயரே, தன் பெயரின் முதல் எழுத்துகளைச் சேர்த்து, ‘இஸ் டிஎல் எனேபிள்டு இன் ஏடி’, அதாவது பயனர் பட்டியலில் டிஎல் இன்னும் இருக்கிறாரா என்பது. 2019 செப்டம்பர் 9ஆம் தேதி அவருடைய கணக்கை முடக்கினார்கள், உலகம் முழுக்க ஆயிரக்கணக்கானவர்கள் உள்ளே நுழைய முடியாமல் நின்றார்கள். 2025இல் நான்கு வருஷத் தண்டனை. இதில் என்னை உறுத்துவது, ஒருவர் எழுதிய நிரல் இன்னொருவர் கண்ணில் படாமல் நேராக ஓடும் சர்வருக்குப் போக முடிந்திருக்கிறது என்பது.

ராஜினாமா கடிதத்துக்கு முன்னும் பின்னுமான ஒரு மாதம் தனியாகக் கவனிக்க வேண்டிய காலம். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் கணினிப் பாதுகாப்பை ஆராயும் செர்ட் பிரிவு பல ஆண்டுகளாக நிஜ வழக்குகளைத் திரட்டி ஆராய்ந்து வருகிறது, நிறுவனத்தின் அறிவுச்சொத்தைக் கொண்டுபோகிறவர்கள் பெரும்பாலும் இந்தச் சின்ன இடைவெளியில்தான் எடுக்கிறார்கள் என்பது அவர்கள் கண்டது. கிளம்பிய பிறகு வருவது இன்னொரு வகை. சிஸ்கோவிலிருந்து 2018 ஏப்ரலில் விலகிய பொறியாளர் ஒருவர் ஐந்து மாதம் கழித்து, செப்டம்பரில், நிறுவனத்தின் கிளவுடுக்குள் நுழைந்து 456 மெய்நிகர் கணினிகளை அழித்தார். வீடியோ கூட்டம் நடத்த உதவும் வெப்எக்ஸ் சேவையில் 16,000க்கும் மேற்பட்ட கணக்குகள் இரண்டு வாரம் வரை முடங்கின, சரிசெய்ய 14 லட்சம் டாலர், வாடிக்கையாளர்களுக்குத் திருப்பிக் கொடுத்தது 10 லட்சம் டாலர். 2017 நவம்பரில் ட்விட்டரில் வேலையின் கடைசி நாளில் இருந்த ஒருவர் அமெரிக்க அதிபர் டிரம்பின் கணக்கை முடக்க, அது 11 நிமிடம் காணாமல் போனது. இதைச் சிரித்துக்கொண்டே சொல்வார்கள், ஆனால் ‘எப்படி முடிந்தது’ என்ற கேள்வி அதிலும் அப்படியே இருக்கிறது.

எல்லாவற்றையும்விடத் துணிச்சலானது, நெட்வொர்க் கருவிகள் செய்யும் யுபிக்விட்டி நிறுவனத்தின் கதை. 2020 டிசம்பரில் அதன் மூத்த நிரலாளர் ஒருவர் தன் அட்மின் லாகினை வைத்தே கிளவுடிலிருந்து தரவை இறக்கினார். தடயம் தெரியாமல் இருக்க, யார் எப்போது என்ன செய்தார் என்று குறித்து வைக்கும் லாக் பதிவுகள் ஒரே நாளில் அழிந்துபோகும்படி அமைப்பை மாற்றினார். பிறகு முகம் தெரியாத ஹேக்கராக 50 பிட்காயின் கேட்டு மிரட்டல் கடிதம் எழுதினார், அதே சமயம் திருட்டைக் கண்டுபிடிக்கும் குழுவிலும் உட்கார்ந்திருந்தார். அவரைக் காட்டிக்கொடுத்தது, வீட்டு இணையம் ஒரு நொடி அறுந்து திரும்பியபோது இருப்பிடத்தை மறைத்துக்கொண்டிருந்த வி.பி.என். முகமூடி நழுவியதில் பதிவான அவருடைய ஐ.பி. முகவரி. ஆறு வருஷச் சிறை. லாக் பதிவை அதே அட்மின் தொட முடியாத வேறு இடத்துக்கு உடனுக்குடன் அனுப்பி வையுங்கள் என்று பாதுகாப்புக்காரர்கள் கிளிப்பிள்ளை மாதிரி சொல்வது இதற்காகத்தான். இங்கே அவர்கள் பிழைத்தது அதிர்ஷ்டத்தால்.

வெளியிலிருந்து விலை பேசுபவர்கள்

சில வருஷமாக வெளித் திருடர்களே உள்ளாட்களைத் தேட ஆரம்பித்திருக்கிறார்கள். லாப்சஸ் என்ற கும்பல் 2022இல் டெலிகிராமில் வெளிப்படையாகவே விளம்பரம் போட்டது: இந்த இந்த நிறுவனங்களில் வேலை பார்க்கிறீர்களா, தரவு வேண்டாம், வி.பி.என். அனுமதி மட்டும் தாருங்கள், பணம் தருகிறோம். 2025 மே மாதம் கிரிப்டோ நாணய வர்த்தகத் தளமான காயின்பேஸ் வெளியிட்டதில், வெளிநாட்டில் இருந்த வாடிக்கையாளர் சேவை ஊழியர்கள் சிலருக்குப் பணம் கொடுத்து 69,461 பேரின் விவரத்தை எடுத்திருந்தார்கள், பிறகு 2 கோடி டாலர் கேட்டு மிரட்டினார்கள். நிறுவனம் கொடுக்க மறுத்து, அதே தொகையைத் துப்புக் கொடுப்பவருக்குப் பரிசாக அறிவித்தது. குறைந்த சம்பளம், ஒப்பந்த வேலை, ஆனால் திரையில் பெரிய பணக்காரர்களின் விவரம். இந்த மூன்றும் ஒரே மேசையில் சேரும்போது பூட்டுப் போட்டு மட்டும் எவ்வளவு தூரம் காக்க முடியும்?

இதற்கு நேரெதிர்ச் சம்பவமும் உண்டு. 2020இல் நெவாடாவில் டெஸ்லா தொழிற்சாலை ஊழியர் ஒருவரை ஒரு ரஷ்யர் தேடிவந்து நட்புப் பாராட்டி, கணினியில் ஒரு தீநிரலை ஏற்றினால் 10 லட்சம் டாலர் தருவதாகச் சொன்னார். ஊழியர் நேராக நிறுவனத்திடம் போய்ச் சொன்னார், எஃப்.பி.ஐ. வந்தது, ரஷ்யர் கைதானார். எந்தக் கண்காணிப்பு மென்பொருளாலும் இதைப் பிடித்திருக்க முடியாது, பேச்சு நடந்தது உணவகத்திலும் காரிலும்.

அப்புறம், வேலைக்கு வருபவரே போலி என்பது புது ரகம். பாதுகாப்புப் பயிற்சியே விற்கும் நோபீஃபோர் நிறுவனம் 2024 ஜூலையில் தன் கதையைத் தானே எழுதியது: நான்கு வீடியோ நேர்காணல், பின்னணிச் சரிபார்ப்பு எல்லாம் முடித்து எடுத்த நிரலாளர், திருடிய அடையாளத்தில் வந்த வட கொரிய ஆள். படம் ஏ.ஐ.யால் திருத்தப்பட்டது. லேப்டாப் போய்ச் சேர்ந்ததும் தீநிரல் ஏற ஆரம்பித்தது, அரை மணி நேரத்துக்குள் அதைப் பிடித்து நிறுத்தினார்கள். புது ஊழியருக்கு முதல் நாள் எல்லாக் கதவையும் திறந்துவிடாமல் வைத்திருந்ததால் எந்தத் தரவும் போகவில்லை.

எல்லோரையும் கேமராவில் வைக்கலாமா

இவ்வளவையும் படித்துவிட்டு, ஊழியர் அடிக்கும் ஒவ்வொரு எழுத்தையும் பதிவு செய்தால் என்ன என்று தோன்றலாம். அந்தப் பதிவே ஒரு ஆபத்து. ஜெர்மனியின் நியூரம்பெர்க்கில் ஹெச் அண்ட் எம் சேவை மையத்தில், விடுப்பிலிருந்து திரும்பியவர்களிடம் மேலாளர்கள் சாதாரணமாகப் பேசி, என்ன நோய், குடும்பத்தில் என்ன சண்டை, என்ன மதநம்பிக்கை என்பதையெல்லாம் குறித்து வைத்தார்கள். 2019 அக்டோபரில் ஒரு அமைப்புத் தவறால் அந்தக் கோப்பு சில மணி நேரம் நிறுவனம் முழுவதுக்கும் திறந்துகிடந்தது. அப்படித்தான் விஷயமே வெளியே வந்தது, அபராதம் 3.53 கோடி யூரோ. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் 2017இல் ருமேனிய ஊழியர் ஒருவரின் வழக்கில், முன்கூட்டிச் சரியாகச் சொல்லாமல் தனிப்பட்ட உரையாடலைப் படித்தது தனியுரிமை மீறல் என்று தீர்ப்பளித்தது.

கண்காணிப்பு வேண்டாம் என்று இதற்கு அர்த்தமில்லை. ஆளைப் பார்ப்பதற்குப் பதில் தரவைப் பார்க்கலாம். வாடிக்கையாளர் பட்டியலை யார் திறந்தாலும் பதிவாகட்டும், ஒரே நாளில் வழக்கத்தைவிட நூறு மடங்கு இறக்கினால் மணி அடிக்கட்டும், இதெல்லாம் எல்லோருக்கும் முன்கூட்டியே தெரிந்திருக்கட்டும். தெரிந்திருப்பதே பாதித் தடுப்பு. இன்னொரு பக்கம், நிறுவனம் தப்புச் செய்கிறது என்று பார்த்தவர் போய்ச் சொல்ல ஒரு வழி இருக்க வேண்டும். உள்ளே கேட்க ஆளில்லாதபோதுதான் பலர் பத்திரிகைக்குப் போகிறார்கள், அவர்களையும் திருடர் பட்டியலில் சேர்த்துவிட்டால் அடுத்த முறை நல்ல எச்சரிக்கையும் வராது.

மணி அடித்தால் யாராவது எழுந்து போகவும் வேண்டும். 2023இல் அமெரிக்க விமானப்படைத் தேசியக் காவல் பிரிவின் 21 வயது இளைஞர் ரகசிய ஆவணங்களை டிஸ்கார்டு என்ற அரட்டைத் தளத்தில் போட்டு மாட்டினாரே, அவர் தனக்குச் சம்பந்தமில்லாத ரகசியங்களிலிருந்து குறிப்பெடுப்பதை 2022 செப்டம்பரிலேயே மேலதிகாரிகள் பார்த்தார்கள். எச்சரித்தார்கள். அக்டோபரில் மறுபடி எச்சரித்தார்கள். ஜனவரியில் மறுபடி பார்த்தார்கள். அனுமதியை மட்டும் யாரும் எடுக்கவில்லை. பின்னால் 15 பேர்மேல் நடவடிக்கை.

எங்கிருந்து ஆரம்பிப்பது என்று யாராவது கேட்டால், பணம் செலவாகாத ஒன்றைச் சொல்வேன். ஹெச்.ஆரிடம் கடந்த இரண்டு வருஷத்தில் விலகியவர்கள் பட்டியலை வாங்குங்கள், ஐ.டி.யிடம் உயிரோடு இருக்கும் கணக்குகளின் பட்டியலை வாங்குங்கள், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு இடத்தில் நாங்கள் இதைச் செய்தபோது, பதினான்கு மாதத்துக்கு முன் போன ஒருவருடைய கணக்கு தினமும் இரவு இரண்டு மணிக்கு உள்ளே வந்துகொண்டிருந்தது. அறையில் ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. உடனே முடக்கினோம். மறுநாள் காலை பேக்கப் எதுவும் ஓடியிருக்கவில்லை. அந்த மனிதர் போகும்போது எதையும் திருடவில்லை, எந்தக் கண்ணியும் வைக்கவில்லை. பேக்கப் நிரலை என்றோ ஒருநாள் அவசரத்தில் தன் சொந்த லாகினிலேயே ஓடவிட்டிருந்தார், அதைத் தனிக் கணக்குக்கு மாற்ற வேண்டும் என்று போவதற்கு முன் மெயிலும் அனுப்பியிருந்தார். அந்த மெயில் எங்களில் ஒருவருடைய பெட்டியில் படிக்காமலே கிடந்தது.